தெற்குக்குப் போகும் எம்மவருக்கு: தீவில் எப்படிப் போய் வருவது?

மாசி மாதம் வந்தால் மொன்றியலில் பலருக்கும் தெற்கைப் பற்றித்தான் கதை. இங்குள்ளவர்கள் 'தெற்குக்குப் போகிறோம்' என்று சொன்னால் அது கரிபியன் கடலோரத்தையே குறிக்கும். முன்பெல்லாம் எம்மவருக்கு விடுமுறை என்றால் ரொறன்ரோவில் ஒரு கலியாணவீடு, அல்லது பாரிஸிலோ லண்டனிலோ ஒரு சகோதரத்தின் வீடு. இப்போது பிள்ளைகள் வளர்ந்து உழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள், அம்மா ஓய்வுபெற்ற ஆண்டு என்று காரணம் சொல்லி, டொமினிக்கன் குடியரசின் புன்ரா கானாவுக்கோ மெக்சிக்கோவின் கான்கூனுக்கோ ஒரு கிழமைப் பயணத்தை அவர்களே ஒழுங்கு செய்து கொடுக்கிறார்கள். மகிழ்ச்சியான விடயம். இருபது, முப்பது ஆண்டுகளாக இரண்டு வேலை செய்த உடம்புக்கு அந்த ஒரு கிழமை வேண்டியதுதான்.

புறப்படுமுன் வைத்தியரிடம் வருபவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். நுளம்புக்கு என்ன செய்வது? வயிற்றோட்டத்துக்கு எந்த மாத்திரை கொண்டு போவது? ஊசி ஏதும் போட வேண்டுமா? மூன்றும் தேவையான கேள்விகளே. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும், ஆகவே பூச்சு மருந்து அவசியம். ஊசிகளைப் பற்றிப் பயணத்துக்கு ஆறு கிழமைகளுக்கு முன்னராவது பயண மருத்துவ நிலையத்தில் விசாரிப்பது நல்லது. ஆனால் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை: 'அங்கே நாம் எதில் ஏறிப் போய் வரப் போகிறோம்?' இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

வீதிதான் முதல் ஆபத்து

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு இலட்சம் பேருக்கு வீதியில் இறப்பவர்கள் கனடாவில் 5.8 பேர். டொமினிக்கன் குடியரசில் 34.6 பேர். தாய்லாந்தில் 32.7 பேர். அதாவது இங்கிருப்பதைவிட ஐந்தாறு மடங்கு. தாய்லாந்தில் அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் மோட்டார் சைக்கிள் போன்ற சிறிய வாகனங்களில் சென்றவர்கள். டொமினிக்கன் குடியரசிலும் இறப்பவர்களில் பெரும்பாலானோர் அத்தகையவர்களே.

இவை அந்தந்த நாட்டு மக்களைப் பற்றிய கணக்குகள். விடுதியை விட்டு வெளியே வராத பயணிக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் விடுதி வாசலைத் தாண்டியதும் நாமும் அதே வீதியில்தான் நிற்கிறோம்.

தீவில் பிறந்தவர்கள் என்ற துணிச்சல்

இந்த இடத்தில் எமது சமூகத்துக்கென்று ஒரு விசேட ஆபத்து இருக்கிறது. நாம் தீவில் பிறந்தவர்கள். கடல், வெயில், மணல், மோட்டார் சைக்கிள் எதுவும் எமக்குப் புதிதல்ல. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போனவர்கள். ஹெல்மெற் இல்லாமல் முன்னுக்கு ஒரு பிள்ளை, பின்னுக்கு மனைவி, மடியில் இன்னொரு பிள்ளை என்று ஊரெல்லாம் ஓடியவர்கள். அதற்குப் பிறகு எல்லைகளை எப்படிக் கடந்து வந்தோம் என்பது எமக்குத் தெரியும். பயணம் என்ற சொல்லே எம்மில் பலருக்கு நெடுங்காலம் வேறொரு பொருளைத்தான் தந்தது. 'அதையெல்லாம் தாண்டி வந்தனாங்கள், இந்த ஸ்கூட்டரா எங்களை என்ன செய்யப் போகுது?' என்று கேட்பவர்கள் உண்டு.

அந்தத் துணிச்சலை நாம் மதிக்கிறோம். ஆனால் கடைசியாக மோட்டார் சைக்கிள் ஓடியபோது வயது இருபத்தைந்து. இப்போது ஐம்பத்தெட்டு. இடையில் நீரிழிவு, பிரஷர், முழங்கால் நோ, கண்ணில் புரை. இரவுப் பார்வை குறைந்துவிட்டது. பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது. எலும்பு மெலிந்துவிட்டது. மனம் மட்டும் அந்த இருபத்தைந்து வயதிலேயே நிற்கிறது. தீவைப் பற்றிய எமது அறிவு உண்மையானது, ஆனால் அது வேறொரு உடம்பு கற்ற அறிவு.

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு

புன்ரா கானாவுக்கு மொன்றியலிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேர விமானப் பயணம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டமொன்று 2007 இல் அறிவித்தபடி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகும். ஆரோக்கியமானவர்களுக்கு இது சிறிய ஆபத்துதான், சுமார் 6000 பேரில் ஒருவருக்கு. ஆனால் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், முன்பு இரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டே ஏற வேண்டும். மற்றவர்கள் இடையிடையே எழுந்து நடந்தால் போதும்.

இன்சுலினையும் மற்ற மாத்திரைகளையும் கைப்பையில் வைத்திருங்கள். பெரிய பயணப்பொதியில் போட்டால் இன்சுலின் உறையலாம், பொதியே வந்து சேராமலும் போகலாம். குளிர்காலத்தில் மொன்றியலுக்கும் புன்ரா கானாவுக்கும் ஒரு மணி நேரமே வித்தியாசம் என்பதால் இன்சுலின் நேரத்தை மாற்ற வேண்டிய தேவை பொதுவாக இராது.

விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் பஸ் பெரும்பாலும் பயணச்சீட்டின் விலையிலேயே அடங்கும். அதிலேயே போங்கள். ஏறியதும் ஆசனப்பட்டியைத் தேடிக் கட்டுங்கள். 'பின்னுக்கு இருக்கிறவைக்குத் தேவையில்லை' என்பது எமது பழைய பழக்கம். 2022 ஒக்ரோபரில் புன்ரா கானாப் பகுதியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று கவிழ்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. வாகனம் கவிழும்போது பட்டி கட்டாதவர்தான் வெளியே வீசப்படுகிறார்.

பேரப்பிள்ளைகளுடன் போகிறவர்கள் பிள்ளைக்குரிய ஆசனத்தை இங்கிருந்தே கொண்டு போக வேண்டும். அங்குள்ள ரக்சிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. வெளியே போவதானால் விடுதியின் வரவேற்பு மேசை மூலம் ரக்சி பிடியுங்கள், விலையை ஏறுமுன் பேசுங்கள். உள்ளூர்வாசிகள் ஏறும் குவாகுவா என்ற சிறிய பஸ்ஸும் மோட்டோகொன்சோ என்ற மோட்டார் சைக்கிள் ரக்சியும் மலிவானவை. மோட்டோகொன்சோவில் பின்னால் ஏறுபவருக்கு ஹெல்மெற் கிடைப்பது அரிது. அதை நாம் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

வாடகைக் கார் எடுத்தால் இரவில் நகரத்துக்கு வெளியே ஓடாதீர்கள். வெளிச்சமில்லாத வீதி, விளக்கில்லாத மோட்டார் சைக்கிள், குறுக்கே வரும் மாடு எல்லாம் அங்கே சாதாரணம்.

ஸ்கூட்டரும் கோல்ப் வண்டியும்

சிறிய தீவுகளில் பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவை இரண்டும்தான். கான்கூனுக்கு எதிரே இருக்கும் இஸ்லா முகேரஸ் தீவு ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நீளமே உள்ளது. படகில் இருபது நிமிடத்தில் போய்விடலாம். அங்கே இறங்கியதும் எல்லோரும் கோல்ப் வண்டியை நோக்கி ஓடுவார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஆனால் அதற்குக் கதவில்லை, பல வண்டிகளில் பட்டியும் இல்லை. திருப்பத்தில் வெளியே விழுவது பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் பிள்ளை அல்லது அம்மம்மா. அவர்களை நடுவில் இருத்துங்கள். மடியில் பிள்ளை வைத்துக்கொண்டு யாரும் ஓட்டக்கூடாது.

ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னால், வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. பெர்முடாவில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், மோட்டார் சைக்கிள் விபத்தில் காயப்படும் வீதம் உள்ளூர் மக்களைவிட உல்லாசப் பயணிகளிடம் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். வீதி புதிது, வண்டி புதிது, உடம்பில் காற்சட்டையும் செருப்பும் மட்டும். விழாவிட்டாலும் புகைபோக்கிக் குழாய் பட்டுக் கெண்டைக்கால் பொசுங்கும். நீரிழிவு உள்ளவருக்கு அந்தப் புண் ஆறக் கிழமைக்கணக்கில் எடுக்கும்.

இன்னுமொரு விடயம் பலருக்குத் தெரியாது. கியூபெக்கில் கார் ஓடும் ஐந்தாம் வகுப்பு அனுமதிப்பத்திரம் 50 சிசி வரையான மொபெட்டுக்கு மட்டுமே செல்லும். தீவுகளில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டர்கள் பல 110 அல்லது 125 சிசி. அவற்றுக்கு மோட்டார் சைக்கிள் வகுப்பு அனுமதி வேண்டும். கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார், பணத்தை வாங்கிச் சாவியைத் தந்துவிடுவார். விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் கேட்கும். உரிய அனுமதி இல்லை, அல்லது இரத்தத்தில் மது இருந்தது என்றால் செலவைத் தர மறுக்கலாம்.

மோட்டார் சைக்கிள் அனுமதியும் பழக்கமும் உள்ளவர் எடுத்தே தீருவேன் என்றால் ஹெல்மெற் கட்டாயம், தாடைப்பட்டி பூட்டியபடி. 2008 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி ஹெல்மெற் இறப்பு ஆபத்தை 42 வீதமும் தலைக்காய ஆபத்தை 69 வீதமும் குறைக்கிறது.

இடமா, வலமா?

பார்படோஸ், ஜமைக்கா, அன்ரிகுவா, சென் லூசியா, பஹாமாஸ் ஆகிய இடங்களில் வாகனங்கள் இலங்கையைப் போல இடப்பக்கம் ஓடும். டொமினிக்கன் குடியரசு, கியூபா, மெக்சிக்கோ, குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றில் கனடாவைப் போல வலப்பக்கம். நாம் சிறுவயதில் வீதியைக் கடக்கப் பழகியது ஒரு முறை, இங்கே கார் ஓடப் பழகியது இன்னொரு முறை. அவசரத்தில் எந்தப் பழக்கம் முந்தும் என்று சொல்ல முடியாது. வாகனத்தில் போகாமல் நடந்து போகிறவருக்கும் இது பொருந்தும். இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பவும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடவுங்கள். பிள்ளைகளுக்கும் இதை முதல் நாளே சொல்லுங்கள்.

நடையும் வெயிலும் பாதமும்

சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் எடுக்கும். மறை இருபதிலிருந்து முப்பது பாகைக்குப் போகும் நாம் ஏழாம் நாளே திரும்பிவிடுகிறோம். அதாவது உடம்பு பழகுமுன் விடுமுறை முடிந்துவிடும். ஊரில் வெயிலில் பிறந்து வளர்ந்தோம் என்பது இதற்கு உதவாது. நடையைக் காலையிலும் பின்னேரத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் நிழல். பிரஷருக்காகச் சலம் போகும் மாத்திரை எடுப்பவர்களும் சில நீரிழிவு மாத்திரைகள் எடுப்பவர்களும் வெயிலிலும் வயிற்றோட்டத்திலும் விரைவில் நீர் வற்றிப் போவார்கள். அப்படி நேர்ந்தால் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று புறப்படுமுன்னரே வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு எழுதி வைத்திருங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் மணலில் நடக்கக்கூடாது. மத்தியான மணல் பாதத்தைச் சுடும், உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது தெரியாது. இரவில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். கடலுக்குள் இறங்கவும் இறப்பர்ச் சப்பாத்து போடுங்கள். ஒவ்வொரு இரவும் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குத் துணைவர் பார்க்கட்டும். இன்சுலினை நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலான இன்சுலின்கள் 30 பாகைக்கு மேல் பழுதாகும்.

படகில் போகும்போது

புன்ரா கானாவுக்குப் போனவர்களில் பலர் சயோனா தீவுக்கும் போவார்கள். பஸ்ஸில் பயாகிபே என்ற கரையோர ஊருக்குப் போய், அங்கிருந்து ஒரு பக்கம் வேகப்படகிலும் மறுபக்கம் பெரிய பாய்க்கப்பலிலும் கூட்டிச் செல்வது வழக்கம். அழகான இடம், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வேகப்படகில் எங்கே இருப்பது என்பது முக்கியம். படகின் முன்பகுதி அலையில் எழும்பி அடிக்கும். அங்கே இருப்பவரின் முதுகெலும்பில் அந்த அடி இறங்கும். எலும்பு மெலிந்த பெண்களுக்கு முள்ளந்தண்டு எலும்பு நசிந்து உடைந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. படம் எடுக்க வசதி என்று பலரும் முன்னுக்கே ஓடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பின்பகுதியில் இருங்கள்.

பாதுகாப்பு மேலங்கியைப் படகு புறப்படுமுன் போடுங்கள், காலுக்குக் கீழே வைக்காதீர்கள். காலநிலை எச்சரிக்கை இருந்தால் கட்டிய காசு போனாலும் ஏறாதீர்கள். 2018 யூலை 5 அன்று தாய்லாந்தின் புக்கெற் தீவுக்கு அருகே புயற்காற்றில் பீனிக்ஸ் என்ற உல்லாசப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். அன்று கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

கடற்பயணத் தலைச்சுற்றுக்குக் கிரவோல் எடுப்பவர்கள் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னர் எடுக்க வேண்டும். அது நித்திரையைக் கொண்டுவரும், ஆகவே மதுவுடன் சேர்க்கக்கூடாது. புரொஸ்ரேற் வீக்கம் அல்லது கிளோக்கோமா உள்ளவர்கள் முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள்.

காப்புறுதி

சூரியன் படம் போட்ட எமது மருத்துவ அட்டை வெளிநாட்டிலும் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். கனடாவுக்கு வெளியே திடீர் நோய் அல்லது விபத்தில் வைத்தியசாலையில் தங்கினால் கியூபெக் அரசு ஒரு நாளுக்கு ஆகக்கூடியது 100 டொலர் தரும். தங்காமல் வெளிநோயாளர் பிரிவில் சிகிச்சை பெற்றால் 50 டொலர். வைத்தியர் கட்டணம் கியூபெக் விலைப்படியே கிடைக்கும். அம்புலன்சுக்கும் நாடு திரும்பும் செலவுக்கும் எதுவும் இல்லை. படுக்கையில் வைத்து விமானத்தில் கொண்டுவர பல பத்தாயிரம் டொலர் ஆகலாம். அங்குள்ள தனியார் வைத்தியசாலைகள் சிகிச்சைக்கு முன்னரே பணத்துக்கு உத்தரவாதம் கேட்பதும் வழக்கம்.

ஆகவே தனியார் பயணக் காப்புறுதி இல்லாமல் போக வேண்டாம். வாங்கும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள்: 'நிலையான' நோய். பல ஒப்பந்தங்கள் ஏற்கெனவே உள்ள நோய் 90 அல்லது 180 நாட்கள் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்கின்றன. பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டினாலோ குறைத்தாலோ அதுவும் மாற்றம்தான். பயணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் மருந்து மாறினால் நிறுவனத்துக்கு அறிவித்துப் பதிலை எழுத்தில் பெறுங்கள். நோயை மறைத்துக் குறைந்த விலைக்கு வாங்கிய காப்புறுதி தேவைப்படும் நாளில் உதவாது. சூப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிச் செல்பவர்கள், அவர்களின் காப்புறுதி கனடாவுக்கு வெளியே செல்லுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

கியூபாவுக்குப் போக எண்ணுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அண்மைய ஆண்டுகளில் அங்கே எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு, நீண்ட மின்வெட்டு. ரக்சி கிடைக்காமலும் போகலாம், குளிர்சாதனப்பெட்டி நின்றும் போகலாம். கனடிய அரசின் பயண அறிவுறுத்தலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புறப்படுமுன் வீட்டில் இருந்து பேச வேண்டியவை

1. அங்கே எங்கெல்லாம் போவது, எதில் போவது? இதைக் குடும்பமாக இங்கேயே முடிவு செய்யுங்கள். இரண்டு கிளாஸ் றம் குடித்த பின் கடற்கரையில் எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது.

2. மருந்துப் பட்டியல், பயண நாட்களைவிட ஒரு கிழமை கூடுதலான மருந்து, வைத்தியரின் கடிதம். எல்லாம் கைப்பையில்.

3. காப்புறுதி நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம். கைத்தொலைபேசியிலும் ஒரு கடதாசியிலும் இருக்கட்டும். வைத்தியசாலைக்குப் போனதும் முதலில் அவர்களுக்கு அழையுங்கள்.

4. டொமினிக்கன் குடியரசிலும் மெக்சிக்கோவிலும் அவசர அழைப்பு 911. வெளிநாட்டில் ஆபத்தில் இருக்கும் கனடியர்கள் ஒட்டாவாவிலுள்ள அவசரக் கண்காணிப்பு நிலையத்துக்கு 613 996 8885 என்ற இலக்கத்தில் எந்நேரமும் அழைக்கலாம்.

5. நிரந்தர வதிவிட உரிமையுடன் இருப்பவர்கள் அட்டையின் காலாவதித் திகதியைப் பாருங்கள்.

6. திரும்பி வந்தபின் காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், ஆறாத புண் எது இருந்தாலும் 811 க்கு அழையுங்கள் அல்லது வைத்தியரிடம் போங்கள். எங்கே போய் வந்தீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தந்த பயணம். ரக்சிக்கு இருபது டொலர் கூடப் போனாலும் பரவாயில்லை, பட்டி கட்டிய வாகனத்திலேயே போங்கள். போகும் எல்லோரும் நல்லபடியாகப் போய், கறுத்து, களைப்பாறி, சுகமாக வந்து சேர வாழ்த்துகிறோம்.